கியூ காய்ச்சல்: ஆஸ்திரேலியாவில் தடுப்பூசியும் தகவலும் கடந்து வந்த பாதை

1935இல் பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடையே இனம்புரியாத காய்ச்சல் ஒன்று தலைகாட்டியது. அதை ஆராயும் பொறுப்பு குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறையின் ஆய்வக இயக்குநர் எட்வர்ட் டெரிக்கிடம் வந்தது. காரணம் புலப்படாத நிலையில் அவர் அதற்குக் கியூ காய்ச்சல் என்று தற்காலிகப் பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. அவர் அனுப்பிய மாதிரிகளை மெல்போர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் ஆராய்ந்த மக்ஃபார்லேன் பர்னெட்டும் மேவிஸ் ஃப்ரீமனும் 1937இல் கிருமியை இனங்கண்டனர். அமெரிக்காவில் உண்ணிகளிலிருந்து அதே கிருமியைப் பிரித்தெடுத்த ஹெரால்ட் காக்ஸ், பர்னெட் ஆகிய இருவரின் பெயரால் அது காக்சியெல்லா பர்னெட்டி ஆயிற்று. நோயாளிகளிடமிருந்து ஆய்வைத் தொடங்கிய டெரிக்கின் பெயரும் ஃப்ரீமனின் பெயரும் அதில் இடம்பெறாதது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் இளங்கொடியிலும் ஈற்று நீரிலும் இக்கிருமி மிகுந்திருக்கும். காய்ந்து தூசியோடு கலந்து காற்றில் பரவும். மூச்சில் மிகச் சிலவே புகுந்தாலும் நோய் வரும். சிலருக்கு இதய வால்வு பழுதாகிறது. சிலரை நெடுங்காலச் சோர்வு வாட்டுகிறது. நியூ சவுத் வேல்ஸின் டப்போ வட்டாரத்தில் சிட்னி ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, கியூ காய்ச்சல் உள்ளிட்ட மூன்று தொற்றுகளுக்குப் பிறகு சுமார் 12 விழுக்காட்டினர் 6 மாதம் கடந்தும் சோர்விலிருந்து மீளவில்லை என்று காட்டியது.

1980களில் பாரி மார்மியன் தெற்கு ஆஸ்திரேலிய இறைச்சிக்கூடங்களில் தடுப்பூசியைச் சோதித்தார். மெல்போர்னின் சி.எஸ்.எல். நிறுவனம் தயாரித்த அந்த 'கியூ-வேக்ஸ்' 1989இல் உரிமம் பெற்றது.

இந்தத் தடுப்பூசியைக் கேட்டவுடன் போட்டுவிட முடியாது. ஏற்கெனவே கிருமியை எதிர்கொண்டவருக்கோ முன்பே ஊசி போட்டவருக்கோ அதைச் செலுத்தினால் கடும் எதிர்விளைவு நேரலாம். ஆகவே முதலில் நோய் வரலாற்றைக் கேட்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்ய வேண்டும். தோல் பரிசோதனையின் முடிவை ஏழாம் நாள் மீண்டும் வந்து காட்ட வேண்டும். தொழிலாளி எந்த ஊரில், எப்போது, என்ன முடிவு பெற்றார் என்ற தகவல் தொலைந்தால் மருத்துவரின் கை கட்டப்பட்டுவிடுகிறது.

பருவத்துக்கு ஒரு மாநிலம் என்று வேலை தேடி நகரும் ஆட்கள் நிறைந்தது இறைச்சித் தொழில். 2001 முதல் 2006 வரை அரசு நிதியில் நடந்த தேசியக் கியூ காய்ச்சல் மேலாண்மைத் திட்டம், இறைச்சிக்கூடத் தொழிலாளர், ஆட்டு உரோமம் கத்தரிப்போர், பின்னர் கால்நடை வளர்ப்போர் எனப் படிப்படியாக விரிந்தது. அக்காலத்தில் உருவான ஆஸ்திரேலியக் கியூ காய்ச்சல் பதிவேடு, பரிசோதனை முடிவுகளையும் தடுப்பூசி விவரங்களையும் ஓரிடத்தில் சேர்த்தது. இதை வளர்த்தது இறைச்சித் தொழில்துறை. அதனால் வேலைக்குச் சேரும் வாசலில் அது நன்றாகப் பயன்பட்டது. அந்த வாசலுக்கு வெளியே இருப்போருக்கு, குறிப்பாகச் சிறு பண்ணைக் குடும்பங்களுக்கு, அந்த வசதி அவ்வளவு எளிதாக எட்டவில்லை என்பதே என் கணிப்பு. திட்டம் முடிந்ததும் இலவசத் தடுப்பூசி நின்றது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் கியூ-வேக்ஸ் இடம்பெறவில்லை.

பொதுமக்களுக்கான விளக்கம் வேறு வழியில் வந்தது. சிட்னி வெஸ்ட்மீட் சிறுவர் மருத்துவமனையில் இயங்கும் தேசியத் தடுப்பூசி ஆய்வு, கண்காணிப்பு மையம் தகவல் தாள் வெளியிடுகிறது. அரசின் தடுப்பூசிக் கையேட்டையும் எவரும் படிக்கலாம். தடுப்பூசியின் பயனும் ஆஸ்திரேலியாவுக்குள் நிற்கவில்லை: நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை அடுத்து, ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு 2011இல் செலுத்தப்பட்டதும் இந்த ஆஸ்திரேலியத் தடுப்பூசிதான்.

தமிழருக்கும் இது தொலைவான செய்தியன்று. பிலோயெலா என்ற குயின்ஸ்லாந்துச் சிற்றூரை உலகத் தமிழர் அறிந்தது, தஞ்சம் கோரிய ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தின் போராட்டத்தால்; அக்குடும்பத் தலைவர் வேலை பார்த்தது அவ்வூர் இறைச்சிக்கூடத்தில். அத்தகைய கூடத்தில் புதிதாகச் சேரும் தமிழரிடம் ஊசிக்கு முன் கேட்கப்படும் முக்கியக் கேள்விகள் மூன்று: முன்பு கால்நடைகளோடு பழகியதுண்டா, இந்தக் காய்ச்சல் வந்ததுண்டா, இந்த ஊசி போட்டதுண்டா? யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ஆடு மாடு வளர்த்தவர் முதல் கேள்விக்குத் தரும் விடை, அவருக்கு ஊசி போடுவதா என்ற முடிவையே மாற்றக்கூடியது. அதை அவர் தமிழில் கேட்டு, தமிழில் சொல்ல வழி வேண்டும்.