அசெம்பிள்டு கம்ப்யூட்டர்: ஒரு சின்ன வரலாறு

எங்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அண்ணன்மார் காலத்தில் "கம்ப்யூட்டர் வாங்கினோம்" என்று சொல்லமாட்டார்கள், "அசெம்பிள் பண்ணினோம்" என்பார்கள். பழைய டெஸ்க்டாப்பில் சில பாகங்களை மட்டும் மாற்ற முடிகிறது, சிலவற்றை முடிவதில்லை. ஏன்? காமர்ஸ் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கிறது.

கதை 1981 ஆகஸ்டில் தொடங்குகிறது. ஐபிஎம் தன் பிசியைச் சீக்கிரம் சந்தைக்குக் கொண்டுவர நினைத்தது. அதனால் பிராசஸரை இன்டெலிடமும் டாஸை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிக்கொண்டது. உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள். உள்ளமைப்பின் விவரங்களைக்கூட புத்தகமாகப் போட்டு விற்றார்கள்! ஐபிஎம்முக்கே சொந்தம் என்று மிஞ்சியது பயாஸ் மட்டும்தான். காம்பேக் அதைக் காப்பி அடிக்காமல் புதிதாக எழுதி, 1982-ல் ஐபிஎம் மென்பொருள் ஓடும் மெஷினை அறிவித்தது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் போர்டு செய்யலாம், கார்டு செய்யலாம் என்றாகிவிட்டது.

சரி, இது நம் ஊருக்கு எப்படி வந்தது? 1984-ல் புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1991-ல் தாராளமயம். 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததால் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து, 2005-ல் கம்ப்யூட்டருக்குப் பூஜ்யமானது. மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடையிலும் ராம் அடுத்த கடையிலும் விலை பேசி வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரலாம்.

1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவு இன்னொரு வசதி. திருகு ஓட்டைகள் ஒரே இடத்தில் இருப்பதால் பழைய கேபினெட்டில் புது போர்டு உட்காரும். ஆனால் சாக்கெட் அப்படி இல்லை. பென்டியம் 4-க்கு மட்டும் 2000-ல் 423, 2001-ல் 478, 2004-ல் 775 என்று நான்கே வருடத்தில் மூன்று சாக்கெட்! பிராசஸரை மாற்றப் போனால் போர்டு மாறும். போர்டு மாறினால் ராம் மாறும், ஏனென்றால் டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 ஒன்றுக்கொன்று பொருந்தாது. பல சமயம் எஸ்எம்பிஎஸ்ஸும் மாறும். மிஞ்சுவது கேபினெட்டும் மானிட்டரும். அதற்குப் பெயர் அப்கிரேடு இல்லை, புது மெஷின்.

இப்போது கணக்குக்கு வருவோம். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 60 சதவீதமாக இருந்தது (2017 ஏப்ரல் முதல் 40). 30,000 ரூபாய் மெஷின் முதல் வருட முடிவில் 12,000, அடுத்து 4,800, மூன்றாவது வருடம் 1,920. ஏட்டில் மதிப்பு போய்விட்டது, வீட்டிலோ மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது! அந்த இடைவெளியில்தான் நடுத்தரக் குடும்பம் பிழைத்தது. மொத்தமாகப் பணம் இல்லாதவர்கள் இந்த வருடம் ராம், அடுத்த வருடம் ஹார்ட் டிஸ்க் என்று மெஷினை வளர்த்தார்கள். சீட்டுக் கட்டுவது போலத்தான்.

இன்று தடை வேறு இடத்திலிருந்து வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பாகம் கெடவில்லை, ஸ்லாட்டும் பொருந்துகிறது, ஆனாலும் "உன் மெஷின் பழசு" என்று மென்பொருள் சொல்கிறது.

என் கருத்து இதுதான். சாட்டா இணைப்பு உள்ள போர்டு என்றால் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், காலி ஸ்லாட் இருந்தால் ராம் சேருங்கள், லினக்ஸ் ஏற்றிப் பாருங்கள். டேலியும் கேமும்தான் முக்கியம் என்றால் யோசிக்க வேண்டும். டைப்பிங்கும் இணையமும் என்றால் தாராளமாகப் போதும். சாக்கெட்டையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் மட்டும் செலவை நிறுத்திவிட்டுப் புதிதுக்குச் சேமியுங்கள்.