கஞ்சா ஆணைக்குழுவும் சான்றின் வலிமையும்

கஞ்சாவை மருந்தாகவும் களிப்புப் பொருளாகவும் கொள்ளுதற்குச் சட்டம் இடந்தரலாமோ என்பது இன்று பல நாடுகளில் வழக்கிட்டு ஆராயப்படும் வினாவாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1996-இல் மருத்துவப் பயனுக்கு இசைந்தது. 2013-இல் உருகுவேயும் 2018-இல் கனடாவும் களிப்புப் பயனுக்கும் இசைந்து சட்டம் இயற்றின. விலக்கு நீங்கவேண்டும் என்பார் தமக்கு அரணாகப் பன்முறை எடுத்துக்காட்டும் பழைய நூலொன்று உண்டு. அது 1894-இல் முடிவுற்ற இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவின் அறிக்கை. எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் அதன் முடிவை மட்டுமே கொள்கின்றனர். முடிவினும் சிறந்தது அம்முடிவுக்கு வந்த வழியே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணைக்குழுவின் தோற்றம்

1893 மார்ச்சு 2-ஆம் நாள், ஆங்கிலக் காமன்ஸ் சபையில் மதுவிலக்கு இயக்கத்தவரான டபிள்யூ. எஸ். கெயின் என்பார், வங்காளத்தில் கஞ்சா விளைவும் விற்பனையும் மக்களின் ஒழுகலாற்றைக் கெடுக்கின்றனவா என ஆராயவேண்டும் என்னும் கருத்துப்பட ஒரு வினா எழுப்பினார். இந்திய அமைச்சராக இருந்த கிம்பர்லி பிரபு அதற்கு இசைந்தார். வங்காளத்தோடு நில்லாது நாடு முழுவதும் ஆராயுமாறு இந்திய அரசு அவ்வாண்டு சூலைத் திங்களில் எழுவர் கொண்ட குழுவொன்றை அமைத்தது. தலைவர் டபிள்யூ. மாக்வொர்த் யங். உறுப்பினருள் கல்கத்தா மருத்துவக் கல்லூரி வேதியற் பேராசிரியர் வார்டனும், சசிசேகரேசுவர ராய், கன்வர் ஹர்நாம் சிங், லாலா நிகால் சந்த் என்னும் இந்தியர் மூவரும் இருந்தனர்.

இலையாகிய பாங்கு, பூங்கதிராகிய கஞ்சா, பிசினாகிய சரஸ் என்னும் மூன்றும் ஆய்வுக்கு உரியவாயின. ராஜசாகி மாவட்டத்து நவுகான் பகுதியில் அரசின் கண்காணிப்பில் கஞ்சா பயிராயிற்று. சரஸ் பெரும்பாலும் யார்க்கந்திலிருந்து மலைவழியே வந்தது. இவற்றின்மீது விதித்த வரி அரசுக்கு வருவாயாக இருந்தது. குழுவினர் பல நகரங்களுக்கும் சென்று 1,193 பேரிடம் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் சான்று பெற்றனர். அறிக்கையும் சான்றுகளும் ஏழு தொகுதிகளாக வெளிவந்தன.

மனநோய் விடுதிக் கணக்கு

கஞ்சா பித்தத்தை விளைக்கும் என்பதே அக்காலத்து விலக்குவாதத்தின் முதுகெலும்பு. அதற்குச் சான்றாக மனநோய் விடுதிகளின் ஆண்டறிக்கைகள் காட்டப்பட்டன. அவ்வறிக்கைகளில் நோயின் காரணம் கஞ்சா என்று எழுதப்பட்டோர் தொகை மிகுதி. மருத்துவரும் ஆட்சியாளரும் அத்தொகையையே மேற்கோளாகக் கொண்டு பேசினர்.

குழுவினர் அத்தொகையை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது எங்கிருந்து வந்தது எனத் தேடினர். நோயாளியை விடுதிக்கு அனுப்புங்கால் உடன் அனுப்பும் படிவத்தில் நோயின் காரணத்தைக் குறித்தற்கு ஓர் இடம் இருந்தது. அதனை நிரப்பியவர் மருத்துவர் அல்லர், பெரும்பாலும் காவலரே. நோயாளியின் உறவினரும் ஊராரும் அறியப்படாதவிடத்து, அவன் கஞ்சா புகைப்பவன் என்று ஒருவர் சொன்ன சொல்லே காரணமாக எழுதப்பட்டது. படிவத்துச் சொல் விடுதிப் பதிவேட்டில் ஏறியது. பதிவேடு ஆண்டறிக்கை ஆயிற்று. ஆண்டறிக்கை அறிஞர் கருத்தாயிற்று. இவ்வாறு ஒரு காவலரின் ஊகம் மூன்று படி ஏறி அறிவியல் உண்மையாக நின்றது.

1892-ஆம் ஆண்டில் கஞ்சாவால் விளைந்தன எனக் குறிக்கப்பட்ட 222 நேர்வுகளைக் குழுவினர் தனித்தனியே மீண்டும் ஆராய்ந்தனர். கஞ்சாவோடு தொடர்புடையன என ஏற்கத்தக்கனவாக எஞ்சியவை 98. பாதிக்கு மேற்பட்டவை தள்ளுண்டன. எனினும், தொடர்பே இல்லை என அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது.

ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கும் தமிழாராய்ச்சியாளர்க்கு இம்முறை புதியதன்று. முதற்படியில் எழுதுவோன் செய்த பிழை பத்துப் படிகளில் காணப்படினும், அது பத்துச் சான்றாகாது. ஒரு பிழையே ஆகும்.

முடிவும் மாறுபாடும்

அளவோடு கொள்ளுதல் பெரும்பாலும் தீங்கு பயவாது. அளவிறந்து கொள்ளுதல் உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும். அளவிறந்து கொள்வோர் சிலரே. முற்றும் விலக்குதல் வேண்டுவதும் அன்று, தக்கதும் அன்று. இவையே குழுவின் முடிபுகள். முற்றும் விலக்கினால் சமயச் சடங்கிலும் வழக்கத்திலும் கொள்வோர் வருந்துவர். அவருள் சிலர் இதனினும் கொடிய பொருள்களை நாடுவர் என்றும் குழுவினர் கருதினர். ஆயினும், தடையின்றி விடுதலை அவர் நோக்கம் அன்று. போதிய வரி, உரிமம் பெற்றோரே பயிரிடலும் விற்றலும், கடைகளின் தொகையைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கத்தக்க அளவை வரையறுத்தல் ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தனர்.

இம்முடிபை எழுவரும் ஒருமனதாக ஏற்றிலர். சசிசேகரேசுவர ராயும் லாலா நிகால் சந்தும் மாறுபட்ட கருத்தைத் தனித்தனியே எழுதினர். இந்திய உறுப்பினர் மூவருள் இருவர் மாறுபட்டனர் என்பதை அறிக்கையை எடுத்தாள்வோர் பலர் குறிப்பதில்லை. வரிவருவாய் பெறும் அரசே குழுவை அமைத்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

மருந்து, களிப்பு என்னும் பாகுபாடும் ஈண்டு நோக்கற்குரியது. கல்கத்தாவில் ஓ'ஷாநெசி என்னும் மருத்துவர் 1839-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் ஐரோப்பிய மருத்துவம் இச்செடியைப் பரவலாக அறிந்தது. நாட்டு மருத்துவரோ நெடுங்காலமாக இதனைப் பயன்படுத்தி வந்தனர். களைப்பு நீங்கவும் குளிர் தாங்கவும் உழைப்போர் கொண்டதை மருந்து என்பதா, களிப்பு என்பதா? இன்றைய சட்டங்கள் வரையும் கோட்டை அன்றைய வாழ்க்கை தெளிவாக வரையவில்லை.

பிற்கால நிலை

1924-25-இல் ஜெனீவாவில் கூடிய அபினி மாநாட்டில், எகிப்தின் பேராளர் எல் கிண்டி, தம் நாட்டில் மனநோயுற்றோருள் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை கஞ்சாப் பிசினால் அந்நிலை எய்தினர் என்றார். மீண்டும் மனநோய் விடுதிக் கணக்கே சான்றாயிற்று. அத்தொகையை, 1894-இல் செய்தாங்கு, நேர்வுதோறும் சென்று மாநாடு சோதிக்கவில்லை. கஞ்சா பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனை ஹெராயினோடு ஒருங்கே கடுமை மிக்க பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் விலக்கியது. பூங்கதிரொடு சேராத இலையைக் கஞ்சா என்னும் வரையறையுள் அடக்காது விட்டது. 2020 டிசம்பர் 2-ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்னும் வாக்கில் கஞ்சாவை அக்கடும் பட்டியலினின்று நீக்கியது. இந்தியா நீக்கத்தை ஆதரித்தது.

இவற்றால் 1894-ஆம் ஆண்டு முடிபை இன்றைக்கு அப்படியே பொருத்தலாம் என்பது பெறப்படாது. இன்று சில நாடுகளில் விற்கப்படும் செறிவு மிக்க சாறுகள் அக்குழுவினர் காணாதவை. இளமையில் மிகுதியாகக் கொள்வோர்க்கு மனநோய் நேரும் வாய்ப்பு மிகுதல் பிற்கால ஆய்வுகளால் வலியுறுத்தப்பட்டுள்ளது. ஆதலின், தீங்கில்லை என்பதற்கு அவ்வறிக்கை உறுதிச்சீட்டாகாது. தீங்கு என்று கூறுவோரும், தீங்கன்று என்று கூறுவோரும் தத்தம் தொகைகளின் முதற்படியைக் காட்டக் கடவர் என்பதே அது வற்புறுத்தும் நெறி. பலர் சிறைசெல்வதும் பலர் நோயுறுவதும் அத்தொகைகளைப் பற்றி நிற்கின்றன. ஆகவே, படிவத்தின் அவ்வோரிடத்தை எவர் நிரப்பினார் என்று வினவுதல் ஆராய்ச்சியாளர் கடமையும், சட்டம் இயற்றுவோர் கடமையும் ஆகும்.