ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு வகுப்பு

திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் ம.பொ.சி.யின் ஊர்வலத்தில் தொடங்குவார்கள். சித்தூர் மாவட்டத்துக்காரனான நான் ஒரு தமிழ் வகுப்பில் தொடங்குவேன். ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததே அந்த வகுப்புதான் என்பது என் கட்சி.

முதலில் நிலவரம். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். மதனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு. திருத்தணிப் பக்கம் தமிழ். இடையில் நகரி, புத்தூர், சித்தூரில் ஒரே தெருவில் இரண்டும். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி செய்தளித்த செய்தியும் தமிழில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கல்லில் இருக்கும் எழுத்து பிள்ளைக்குத் தானாக வந்துவிடுமா? வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள், சம்பந்தி வீட்டுக்குத் தமிழில் ஒரு கடிதம் போடவே அடுத்தவரைத் தேடிப் போனார்கள்.

இதைக் கண்டு வேலையில் இறங்கியவர் மங்கலங்கிழார். 1895இல் பிறந்தவர். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்துக்காரர், தமிழாசிரியர். குருவராயப்பேட்டையில் அறநெறித் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, சுற்று வட்டாரத்தில் ஊர் ஊராகக் கிளை வைத்து, காசு வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்தார். கேட்க வந்தவர்களைத் தம்மிடம் வரச் சொல்லாமல், அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தாமே போனதுதான் அவருடைய முறை.

அந்தக் காலத்து வகுப்பு எப்படி நடக்கும் என்பதை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நகரிப் பக்கத்தில் தறி போட்டவர். பொழுது சாய்ந்து தறியை நிறுத்தியதும் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பத்துப் பேர் உட்காருவார்களாம். நாடாவைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கைக்குப் பலப்பம் படியாது. அதனால் முதல் சில வாரம் மணலில் விரலால்தான் எழுத்து. எழுதப் பழகியதும் பாட்டு, பிறகு நளவெண்பா. நளன் சூதாடித் தோற்கும் இடம் வந்தால் அடுத்த தெருக்காரர்களும் வந்து நிற்பார்களாம். படித்து உத்தியோகத்துக்குப் போகலாம் என்று அங்கே யாரும் வரவில்லை. தன் வாயில் இருப்பதைத் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

பிறகு நடந்த அரசியல் பலரும் அறிந்தது. 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம.பொ.சி., விடுதலைக்கு மறுநாள், 1947 ஆகஸ்ட் 16 அன்று, திருப்பதிக்குப் படை திரட்டி வந்தார். மங்கலங்கிழாரும் திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகமும் அந்தப் போராட்டத்தில் முன் நின்றவர்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அதற்குள் போயிற்று. அதைப் பார்க்க மங்கலங்கிழார் இல்லை. அந்த ஆகஸ்டில்தான் காலமாகியிருந்தார். பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, எந்த ஊரில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு 300க்கும் மேற்பட்ட ஊர்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று.

நகரியும் புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. தமிழ்நாட்டில் கதை இத்தோடு முடிந்துவிடும். எங்களுக்கு இதற்குப் பிறகுதான் கதையே. போராட்டம் ஓய்ந்ததும் திண்ணை வகுப்புகளும் ஓய்ந்தன. திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர, தெருவில் ஒருவர் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். என் அம்மா மார்கழியில் படிக்கும் திருப்பாவைப் புத்தகம் தெலுங்கு எழுத்தில் அச்சானது. ழகரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ளகரம் இருக்கும். அம்மா கண்ணால் ளகரத்தைப் பார்த்து வாயால் ழகரத்தைச் சொல்வார். அதை ஒருகாலும் குறையாக நான் நினைத்ததில்லை. எந்த எழுத்திலாவது இருந்ததால்தானே மொழி அவர் வாயில் நின்றது!

எந்த எழுத்திலாவது இருந்தால் மொழி நிற்கும் என்பதை வைத்துத்தான் எங்கள் மாவட்டத்து எருகலர் என்ற பழங்குடியினரைப் பற்றிச் சொல்ல வருகிறேன். ஈச்ச ஈர்க்கில் கூடை பின்னியும் குறி சொல்லியும் பிழைத்தவர்கள். வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தினான். அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆயிற்று. அவர்கள் வீட்டில் பேசும் மொழியை மொழியியலார் தமிழுக்கு நெருங்கிய உறவாகச் சொல்கிறார்கள். ஊர்க்காரர் காதில் பட்டால் ஏளனம் வரும் என்று பெற்றவர்களே பிள்ளைகளிடம் அதைக் குறைத்துக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2000களில் ஆந்திர அரசு சவரம், கோயா, குவி உள்ளிட்ட எட்டுப் பழங்குடி மொழிகளில், தெலுங்கு எழுத்திலேயே, தொடக்கப் பள்ளிப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அந்த எட்டில் எருகல மொழி இல்லை.

செய்ய முடியாத காரியமா? பர்லாக்கிமிடியில் ஆசிரியராக இருந்த கிடுகு ராமமூர்த்தி, சவர மொழி தெரிந்த ஒருவரைத் தம் வீட்டிலேயே வைத்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, சவரப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் எழுதினார். அவர் செய்த சவர இலக்கணம் 1931இலும் சவர–ஆங்கில அகராதி 1938இலும் சென்னையில் அச்சாயின. ஒரு தனி ஆள் அன்றைக்குச் செய்தது அது. இன்றைக்கு எங்கள் குப்பத்திலேயே 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெலுங்கு எழுத்தில் ஒரு எருகல அரிச்சுவடி, அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்த ஒரு பெண்ணோ பையனோ ஆசிரியராக, மாலையில் ஒரு மணி நேரம். தொடங்க இவ்வளவு போதும்.

தெலுங்கு இருக்கும்போது தமிழ் எதற்கு என்று கேட்டவர்களிடம் எங்கள் தாத்தாக்கள் சண்டை போட்டார்கள். எருகலர்களிடம் அதே கேள்வியை நாங்கள் கேட்டால், அந்தச் சண்டையை நாங்களே தோற்றதாகத்தான் அர்த்தம்.