படையில் சேர்க்கப்பட்ட நாளைத் தேடல்: முதல் உலகப்போர்க்கால பிரித்தானியக் கட்டாயப் படைச்சேர்ப்பும் ஆவணச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப்போரில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட பிரித்தானியர் ஒருவர் எந்நாளில் சேர்க்கப்பட்டார் என்பதைக் கண்டறியும் முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பணி ஆவணங்களுள் பெரும்பகுதி அழிந்துவிட்ட நிலையில், சட்ட விதிகள், பதக்கப் பதிவுகள், படைப்பணி எண்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே இந்நாளை அணுக முடியும். ‘சேர்க்கப்பட்ட நாள்’ என்பது ஒற்றை நாளன்று. வெவ்வேறு ஆவணங்கள் வெவ்வேறு நாள்களையே குறிக்கின்றன. இவ்வேறுபாட்டை உணராத காலக்கணிப்பு, விருப்பத்துடன் சேர்ந்தவரையும் கட்டாயத்தால் சேர்ந்தவரையும் மாற்றிக் காட்டிவிடும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கட்டாயப் படைச்சேர்ப்பு, படைப்பணிச் சட்டம், டெர்பி திட்டம், படைப்பணி எண், குடும்ப வரலாறு.

முன்னுரை

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பிரித்தானியப் படை முற்றிலும் விருப்பச் சேர்ப்பையே நம்பியிருந்தது. 1916 தொடக்கத்தில் அம்மரபு முறிந்தது. அதன்பின் போர் முடியும்வரை ஏறத்தாழ 25 இலட்சம் பேர் கட்டாயச் சட்டத்தின்கீழ்ப் படைக்கு வந்தனர். ‘தாத்தா தாமே முன்வந்து போருக்குப் போனார்’ எனவோ ‘பிடித்துக்கொண்டு போனார்கள்’ எனவோ குடும்ப நினைவு கூறும்போது, அதனைச் சோதிக்க உதவும் முதற்சான்று அவர் சேர்ந்த நாளே. ஆனால் அந்நாளை நேரே கூறும் ஆவணம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 1940 செப்டம்பரில் இலண்டனின் ஆர்ன்சைடு தெருவில் இருந்த போர் அமைச்சக ஆவணக் கிடங்கு ஜெர்மானிய வான்தாக்குதலில் எரிந்தது. போர்வீரர் பணி ஆவணங்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு அதில் அழிந்தன. தீயிலும் நீரிலும் சிதைந்து எஞ்சியவை ‘எரிந்த ஆவணங்கள்’ என்னும் பெயரில் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

சட்டம் வகுத்த நாள்கள்

பணி ஆவணம் இல்லாதபோது தேடலைச் சட்டத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1916 சனவரி 27 அன்று ஒப்புதல் பெற்ற படைப்பணிச் சட்டம், 1915 ஆகஸ்டு 15 அன்று கிரேட் பிரிட்டனில் வழக்கமாக வசித்த, 18 வயது நிரம்பி 41 வயதை எட்டாத ஆண்களைக் கருத்தில் கொண்டது. அவர்களுள் 1915 நவம்பர் 2 அன்று மணமாகாதவராகவோ, தம்மைச் சார்ந்த குழந்தைகள் இல்லாத மனைவியை இழந்தவராகவோ இருந்தோர், விலக்குப் பெற்றவர் நீங்கலாக, 1916 மார்ச் 2 அன்று ‘படையில் சேர்ந்தவராகக் கருதப்பட்டனர்’. இங்குக் கையெழுத்தோ உறுதிமொழியோ தேவைப்படவில்லை; வீட்டிலிருந்த ஒருவரைச் சட்டமே படைவீரராக்கியது.

1916 மே 25 அன்று நிறைவேறிய இரண்டாம் சட்டம் மணமானவரையும் உட்படுத்தியது. அவர்களுக்குரிய நாள் 1916 சூன் 24. பின்னர் 18 வயதை எட்டியோர், பிறந்தநாளுக்குப் பின்வரும் முப்பதாம் நாளில் சேர்ந்தவராகக் கருதப்பட்டனர். 1918 ஏப்ரலில் வயது வரம்பு மேலும் உயர்த்தப்பட்டது. அயர்லாந்துக்கும் நீட்டிக்க அதிகாரம் பெறப்பட்டபோதிலும் அங்குக் கட்டாயச் சேர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே, பிறப்பு, திருமணப் பதிவுகளே முதல்நிலைச் சான்றுகளாகின்றன. 1899 ஏப்ரல் 10 அன்று பிறந்த ஒருவரைக் கொள்வோம். அவருக்குரிய சட்ட நாள் 1917 மே 10. 1890இல் பிறந்து 1915 நவம்பர் 20 அன்று மணந்த மற்றொருவரைக் கொண்டால், மணமானவராயினும் முதற்சட்டத்தின் பார்வையில் அவர் மணமாகாதவரே. அவருக்குரிய நாள் சூன் 24 அன்று, மார்ச் 2 ஆகும். திருமணப் பதிவின் நாளைச் சட்டத்தின் வரையறை நாளோடு ஒப்பிடாவிடில் இவ்வேறுபாடு புலப்படாது.

டெர்பி திட்டம்: இடைப்பட்ட நிலை

விருப்பத்திற்கும் கட்டாயத்திற்கும் இடையே 1915 அக்டோபரில் டெர்பி பிரபு தொடங்கிய திட்டம் நிற்கிறது. இதன்படி ஒருவர் உறுதிமொழி எடுத்து, ஒரு நாள் ஊதியம் பெற்று, இருப்புப் படையில் வைக்கப்பட்டு வீடு திரும்பினார். வயது, மணநிலை ஆகியவற்றின்படி வகுக்கப்பட்ட 46 பிரிவுகளுள் அவருடைய பிரிவு அழைக்கப்பட்டபோதே பணிக்குச் சென்றார். இத்தகையவரின் உறுதிமொழி நாள் 1915 டிசம்பராகவும் பணியேற்ற நாள் 1916இன் பல மாதங்கள் கழிந்த ஒரு நாளாகவும் இருக்கலாம். சட்டப்படி இவர் விருப்பத்துடன் சேர்ந்தவர். ஆயினும் கட்டாயச் சட்டம் வரும் என்னும் அச்சுறுத்தலின் நிழலிலேயே இவ்வுறுதிமொழி எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

எஞ்சிய சான்றுகள்

பதக்கப் பதிவுகள் எல்லைக் குறிகளாக உதவுகின்றன. 1914-15 விண்மீன் பதக்கம் பெற்றவர் 1915 முடிவுக்குள் போர்க்களப் பகுதியை அடைந்தவர். எனவே கட்டாயச் சட்டத்தால் சேர்ந்தவராக இருக்க இயலாது. இதன் மறுதலை உண்மையாகாது. பிரித்தானியப் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் மட்டுமே பெற்றவர் 1914இலேயே சேர்ந்து, நீண்ட பயிற்சிக்குப்பின் 1916இல் களம் சென்றவராகவும் இருக்கலாம். காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டோர்க்கு வழங்கப்பட்ட வெள்ளிப் போர்ச் சின்னத்தின் பதிவேடு, சேர்ந்த நாளையும் விடுவிக்கப்பட்ட நாளையும் தருவதால் தனிமதிப்புடையது. இறந்தோர்க்குரிய உடைமைப் பதிவேட்டிலுள்ள போர்க்காலக் கொடைத்தொகை, தரநிலையையும் பணிமாதங்களையும் கொண்டு கணக்கிடப்பட்டது. எனவே அதிலிருந்து பின்னோக்கிக் கணித்துச் சேர்ந்த மாதத்தை அணுகலாம்.

படைப்பணி எண்ணே மிகுதியும் பயன்படும் சான்று. ஒருவரின் ஆவணம் அழிந்திருப்பினும், அதே படைப்பிரிவில் அவருக்கு முன்னும் பின்னும் எண் பெற்றவர்களின் ஆவணங்கள் எஞ்சியிருக்கலாம். அவர்கள் சேர்ந்த நாள்களுக்கிடையே அவருடைய நாளும் அமையும். எனினும் இம்முறைக்கு இரு தடைகள் உண்டு. பிராந்தியப் படையினர்க்கு 1917 தொடக்கத்தில் புதிய எண்கள் வழங்கப்பட்டன. மேலும், கட்டாயத்தால் சேர்ந்தோர் பயிற்சிக்குப்பின் ஆள் குறைந்த படைப்பிரிவுகளுக்குக் குழுக்குழுவாக மாற்றப்பட்டு, அங்கு வேறு எண் பெற்றனர். 1916 செப்டம்பரில் பயிற்சி இருப்புப் படை உருவானபின் இது மிகுந்தது. இந்நிலையில் எண் காட்டுவது மாற்றப்பட்ட நாளையே. அண்டை எண்ணினர் அனைவரும் வெவ்வேறு நாள்களில் சேர்ந்து, ஒரே நாளில் மாற்றப்பட்டிருப்பின், அது குழு மாற்றத்தின் அடையாளம் எனக் கொள்ளலாம்.

சட்ட நாளுக்குப் பல மாதங்கள் கழித்து ஒருவர் பணியேற்றிருப்பின் அவ்விடைவெளிக்குக் காரணம் தேட வேண்டும். தொழில்சார் விலக்கு, உடற்தகுதிக் குறைவு, தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு ஆகியன அவற்றுள் முதன்மையானவை. முன்னர் விலக்கப்பட்டோரை மீண்டும் பரிசோதிக்க 1917இல் தனிச்சட்டமே வந்தது. தீர்ப்பாய ஆவணங்கள் 1921இல் அரசின் ஆணைப்படி பெரும்பாலும் அழிக்கப்பட்டன. மிடில்செக்ஸ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஸ்காட்லாந்தின் லோதியன்–பீபிள்ஸ் தீர்ப்பாயம் ஆகியவற்றின் ஆவணங்கள் மட்டும் மாதிரிகளாகப் பேணப்பட்டன. பிற ஊர்களுக்கு உள்ளூர்ச் செய்தித்தாள்களின் விசாரணைச் செய்திகளே துணை.

இந்தியச் சூழலுக்கு ஒரு குறிப்பு

இம்முறைகளை இந்தியப் படைவீரர்க்கு அப்படியே பொருத்த இயலாது. 1917இன் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய பிரித்தானியக் குடிமக்களையே கட்டாயத்திற்கு உட்படுத்தியது; இந்தியர்க்குச் சேர்ப்பு விருப்பத்தின்பாற்பட்டதாகவே சட்டத்தில் இருந்தது. ஆயினும் பஞ்சாபில் அதிகாரிகளும் ஊர்த்தலைவர்களும் செலுத்திய அழுத்தம் அன்றே கடும் கண்டனத்திற்கு உள்ளானது. எனவே ‘பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்னும் நினைவைச் சட்டம் இல்லை என்பதனாலேயே பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. தமிழகத்துச் சில ஊர்களில் காணப்படும் போர் நினைவுக் கற்கள் சென்றோர், இறந்தோர் எண்ணிக்கையை மட்டுமே கூறுகின்றன. எவ்வாறு சென்றனர் என்பதைக் கூறுவதில்லை.

முடிவுரை

உறுதிமொழி எடுத்த நாள், சட்டம் கருதிய நாள், அழைக்கப்பட்ட நாள், எண் வழங்கப்பட்ட நாள், களம் சென்ற நாள் ஆகியவை ஐந்தும் வேறுவேறு. ஓர் ஆவணத்தில் நாளைக் கண்டவுடன் அது இவற்றுள் எதனைக் குறிக்கிறது என வினவுதலே ஆய்வின் முதற்படி. அதன்பின்னரே அவர் விரும்பிச் சென்றாரா, அழைக்கப்பட்டுச் சென்றாரா என்னும் வினாவுக்கு விடை கூற இயலும். அவ்விடையும் சட்டத்தின் கண்ணில் அவர் யார் என்பதையே உறுதிசெய்யும். அவர் மனம் எவ்வாறிருந்தது என்பதற்குக் குடும்ப நினைவையும் உடன் வைத்தே நோக்க வேண்டும்.