இருமுறை எண்ணப்பட்டவர்கள்

கூட்டல் தெரியாதவர் யாருமில்லை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த கார்டானோ பெரிய மருத்துவர், பெரிய கணித மேதை. தீராத சூதாடியும்கூட. (நம் நளனுக்கும் தருமனுக்கும் சூதில் தோற்றபோது வாய்த்திராத கணக்கறிவு இவருக்கு வாய்த்திருந்தது.) சூதாட்டம் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதி வைத்தார். அவர் 1576இல் மறைந்தார். நூல் 1663இல்தான் அச்சேறியது.

ஒரு தாயக்கட்டையை மூன்று முறை உருட்டினால், நாம் நினைத்த எண் விழச் சரிபாதி வாய்ப்பு உண்டு என்று அதில் ஓரிடத்தில் சொல்கிறார். ஆறில் ஒன்றை மூன்று தடவை கூட்டினால் பாதிதானே! அப்படியானால் ஆறு முறை உருட்டினால் அந்த எண் கட்டாயம் விழவேண்டும். தாயம் விழாமல் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். உண்மையில் மூன்று உருட்டலில் 216 வாய்ப்புகளுக்கு 91 மட்டுமே சாதகம்.

அதே நூலில் பின்னர் சரியான வழியையும் அவரே காட்டுகிறார். இரு கட்டைகளை உருட்டினால் 36 வாய்ப்புகள். ஒன்று விழுபவை 11. இரண்டு விழுபவையும் 11. ஒன்றோ இரண்டோ விழுபவை 22 அல்ல, 20. ஒன்றும் இரண்டும் சேர்ந்து விழும் இரு வாய்ப்புகள் இரு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டன. ஆகவே பதினொன்றோடு ஒன்பதை மட்டும் கூட்டுகிறார். பிழையையும் திருத்தத்தையும் ஒருங்கே சுமந்திருப்பதாலேயே அந்நூல் மீது எனக்குப் பிரியம்.

லுணுகலையில் நான் கற்பிப்பது தமிழ். ஆனாலும் சாதாரண தரப் பிள்ளைகள், "கூட்டிட்டு ஏன் சேர் கழிக்கணும்?" என்று நிகழ்தகவுக் கணக்கோடு வந்து நிற்பார்கள். சூத்திரம் மனப்பாடம், காரணம் தெரியாது. தாயக்கட்டையைக் காட்டினால் அதுவும் விளங்கிவிடும். 'தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள்' என்ற தொடர்தான் அவர்களை மிரட்டும். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது, அவ்வளவே. அங்கே கழிக்க எதுவும் இல்லை.

அதற்கு நான் சொல்லும் உதாரணம் நம் மலையகத்துச் சரித்திரம். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். கூட்டிப் பாருங்கள், ஒருவரும் குறையமாட்டார், ஒருவரும் இருமுறை வரமாட்டார். கடதாசியில் அத்தனை சுத்தமான கூட்டல்! லயத்துக்குள் வந்தால் அண்ணன் ஒரு தொடை, தம்பி மறு தொடை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், எங்க அம்மாச்சி இந்தியாக் கணக்கு. பாஸ்போர்ட்டும் இருந்திச்சு. கப்பல் நின்னுபோனதால இங்கேயே இருந்துட்டாங்க. அவங்க எந்த வட்டத்துக்குள்ள?"

கரும்பலகையில் நான் வரைந்திருந்த இரு வட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளியே இருந்தன. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது. அப்படித் தங்கிவிட்டவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளையும் அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதற்குள் பாடவேளை முடிந்துவிட்டது.