பெருநாழிக் கல் பிறந்த கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் விண்கல் என்று பேச்செடுத்தால், வார்ப்பட ஆலையின் இரும்புக் கிட்டத்தை நீட்டினாலும் வியப்பில்லை. கறுப்பாக இருக்கும், கனக்கும், காந்தமும் ஒட்டும். உடைத்தால் தெரிந்துவிடும்: கிட்டத்துக்குள் குமிழி குமிழியாக ஓட்டை, விண்கல்லில் அநேகமாக அது இருக்காது. பெரும்பாலான விண்கற்களுக்குள் இருப்பவை சின்னஞ்சிறு கல்மணிகள். ஆசிரியர்கள் கோள்களின் பெயர்களை ஒப்பிக்க வைப்பதற்கு முன், அந்த மணியிலிருந்து சூரியக் குடும்பத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு ஏற்ற கல் நம் மண்ணிலேயே விழுந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரை ஜில்லாவில் பெருநாழி அருகே இரண்டு கற்கள் வானிலிருந்து இறங்கின. மொத்தம் சுமார் 77 கிலோ. ‘பர்னல்லி’ என்று ஆய்வேடுகளில் பதிவான அந்தக் கல்லின் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுத்து மெருகேற்றிய முகத்தில் மில்லிமீட்டர் கணக்கிலான மணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். நடுநடுவே உலோகத் துணுக்குகள் மின்னும்.

சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், இளஞ்சூரியனைச் சுற்றித் தட்டாகச் சுழன்ற தூசு திடீரென உருகியது. உருகியது துளியாகத் திரண்டு, சில மணி நேரத்தில் இறுகி மணியானது. அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? அதிர்ச்சி அலை என்கிறார்கள் சிலர். சிறு கோள்கள் மோதிக்கொண்டதால் என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை. இதை மாணவர்களிடம் மறைக்கவே கூடாது. அவர்களில் யாராவது நாளை தீர்த்துவைக்கலாம்.

மணிகளும் தூசும் சேர்ந்து குறுங்கோள் ஆயின. அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் சிதைந்து அதன் வயிற்றைச் சூடாக்கியது. ஆழத்துப் பாறை வெந்து மணிகளின் விளிம்பு மங்கியது; மேலோட்டுப் பாறை அவ்வளவாக வேகவில்லை. பெருநாழிக் கல் வேகாத ரகம், அதனால்தான் மணிகள் தெளிவாகத் தெரிகின்றன. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த சுமார் 110 கிலோ கல்லோ நன்றாக வெந்தது. ஆனாலும் இரண்டும் ‘எல்எல்’ என்ற ஒரே குலம்.

ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா என்ற குறுங்கோளிலிருந்து 2010இல் கொண்டுவந்த துகள்களும் அந்தக் குலமே. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மாணவி ‘இந்தக் கல் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால், இட்டோகாவாவின் படத்தைக் காட்டி ‘இதுபோன்ற ஒன்றிலிருந்து’ என்று ஆசிரியர் தயங்காமல் சொல்லலாம்.