மூளைப் புறணியில் சுவைக்குத் தனியிடம் உண்டா? நாக்கு வரைபடம் முதல் இன்சுலா வரை

மாமல்லபுரம் செல்லும் வழியில், கேளம்பாக்கம் உப்பளங்களில் விளையும் உப்பில் ஒரு துளி நாக்கில் பட்டால், செய்தி சுவை மொட்டுகளிலிருந்து முகுளத்துக்கும், அங்கிருந்து தலாமஸ் வழியே பெருமூளைப் புறணியில் உள்ள இன்சுலா என்ற பகுதிக்கும் போகிறது. இவ்வளவும் ஐயமற்றது. இன்சுலாவில் உப்புக்கு ஓரிடம், இனிப்புக்கு ஓரிடம் என நரம்பணுக்கள் பிரிந்து அமைந்துள்ளனவா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒவ்வொரு சுவைக்கும் ஓரிடம் என்ற கொள்கை முதலில் நாக்கைப் பற்றியும் பின்னர் மூளையைப் பற்றியும் எழுந்தது. இரண்டு இடங்களிலும் சான்றுகள் அதைத் தளர்த்தியுள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1901இல் ஜெர்மானியரான ஹேனிக், நாக்கின் வெவ்வேறு பகுதிகளில் சுவை உணர்திறன் சிறிதளவு மாறுவதை அளந்தார். 1942இல் உளவியலாளர் போரிங் தம் நூலில் அந்த அளவுகளை வரைபடமாக்கிய விதம், சிறு வேறுபாட்டைப் பெரும் எல்லைக்கோடாகக் காட்டியது. ஒவ்வொரு சுவைக்கும் நாக்கில் ஓரிடம் எனக் காட்டும் ‘நாக்கு வரைபடம்’ இப்படித்தான் எழுந்தது. 1974இல் காலிங்ஸ் மீண்டும் அளந்தபோது வேறுபாடு மிகச் சிறியது என்று உறுதியானது. இதற்கிடையே 1955இல் பென்ஃபீல்டும் ஃபாக்கும், அறுவை சிகிச்சையின்போது இன்சுலாவை மின்னால் தூண்டினால் சில நோயாளிகள் சுவையை உணர்வதாக எழுதினர். புறணியில் சுவைக்கு இடம் உண்டு என்பது இதனால் வலுப்பெற்றது. ஆனால் அந்த இடத்தின் உள்ளமைப்பு அப்போது தெரியவில்லை.

2011இல் சார்லஸ் சுக்கர், நிக் ரைபா குழுவினர் எலியின் இன்சுலாவில் இனிப்பு, கசப்பு, உப்பு, உமாமி ஆகியவற்றுக்குத் தனித்தனித் திட்டுகளைக் கண்டதாக அறிவித்தனர். புளிப்புக்குத் திட்டு கிடைக்கவில்லை. 2015இல் அதே குழுவினர் ஒளியால் இனிப்புத் திட்டைத் தூண்டியபோது எலிகள் வெறும் தண்ணீரையே விரும்பி நக்கின. கசப்புத் திட்டைத் தூண்டியபோது விலகின. இந்தச் சான்றை எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் ஓரிடத்தைத் தூண்டினால் ஒரு சுவை தோன்றுகிறது என்பதால், அச்சுவை அங்கு மட்டுமே கையாளப்படுகிறது என்று ஆகிவிடாது. விழித்திருக்கும் எலிகளை ஆராய்ந்து 2021இல் ஃபொண்டானினி குழு வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு சுவைகளுக்கு எதிர்வினை காட்டும் நரம்பணுக்கள் கலந்தே பரவியிருந்தன. 2020இல் ஏவரி குழு மனிதரிடம் 7 டெஸ்லா எஃப்.எம்.ஆர்.ஐ. கொண்டு பார்த்தபோதும் தனித் திட்டுகள் கிடைக்கவில்லை. பரவலான செயல்பாட்டுக் கோலங்களே சுவைகளைப் பிரித்துக் காட்டின. காலமும் இதில் பங்கேற்கிறது. கட்ஸ், சைமன், நிக்கோலெலிஸ் 2001இல் காட்டியபடி, ஒரே நரம்பணு முதலில் நாக்கில் பட்ட தொடுகையையும், அடுத்துச் சுவையின் தன்மையையும், இறுதியில் விருப்பு வெறுப்பையும் அடுத்தடுத்துத் தெரிவிக்கிறது.

ஒரு சுவைக்கு ஓரிடம் என்பது போதாது என்பதற்கு உப்பே நல்ல சான்று. குறைந்த அளவில் அது ஈர்க்கிறது. மிகுந்தால் கசப்பு, புளிப்பு உணரும் செல்களையும் கிளர்த்தி விலக்குகிறது என்று 2013இல் சுக்கர் குழுவே எலிகளில் நிறுவியது. ஒரே பொருள், அளவு மாறியதும் வெவ்வேறு வழிகளில் மூளையை எட்டுகிறது. தமிழ் மரபின் அறுசுவையில் உள்ள கார்ப்பு, முப்பெரு நரம்பு வழியே எரிச்சலாக வருவது. துவர்ப்பிலும் வாயின் தொடுவுணர்வு சேர்கிறது. சுவையும் தொடுகையும் இன்சுலாவில் சந்திப்பதை நோக்கினால், அவற்றையும் சுவையோடு எண்ணிய மரபு உண்ணும் அனுபவத்துக்கு நெருக்கமானது.

இன்சுலாவை மேலும் ஆராய இங்கேயே ஒரு வாய்ப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப் படங்களை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. அது செல்களின் அமைப்பைக் காட்டுமே தவிர, அவற்றின் செயலைக் காட்டாது. ஆனால் இன்சுலா எவ்வாறு உருவாகிறது என்பதை நம் மண்ணிலிருந்தே ஆராய அது வழி திறந்துள்ளது. இளம் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். நாக்கு வரைபடத்தை இன்னும் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதைக் கைவிட வேண்டும்.